‘நிறுவுக’ என்றால் என்ன, டீச்சர்?

அவையை ஆளும் தலைவர் அவர்களே! பாடம் நடத்தியே குரல் தேய்ந்த மூத்த ஆசிரியப் பெருமக்களே! வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! வணங்குகிறேன். வாழ்த்திப் பேச அழைத்தீர்கள். வயிறெரிந்து பேச வந்திருக்கிறேன்.

நான் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் ஒரு மாணவி. வீட்டிலே வேறு மொழி. வீதியிலே நம் மொழி. வாயாடுவதில் அவளை வெல்ல ஆளில்லை! எரியும் மெழுகுவத்தியைக் குவளையால் மூடி, "ஏன் அணைஞ்சுது?" என்றேன். "தீக்கும் மூச்சு முட்டும்ல டீச்சர்!" என்றாள்.

தேர்வு வந்தது. "எரிதலுக்குக் காற்று இன்றியமையாதது என நிறுவுக." அவள் தந்ததோ வெற்றுத்தாள்!

"என்னடி இது?"

"நிறுவுகன்னா என்ன டீச்சர்?"

சிரிக்கிறீர்களா, பின்வரிசை நண்பரே? எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முதல் கேள்விச் சொற்களையும் பாடமாகவே நடத்தினேன். அடுத்த தேர்வில் அறிவியலில் தேறினாள். மற்றப் பாடங்களில்? விழுந்தாள்!

உங்கள் பாடத்துக் கேள்விச் சொற்களையும் சொல்லிக் கொடுங்கள் என்று சக ஆசிரியர்களிடம் கெஞ்சினேன். கணக்காசிரியர், "மொழி சொல்லித் தர்றது தமிழம்மா வேலை" என்றார். தமிழம்மா, "கணக்கு வார்த்தைக்கு நான் எங்க போவேன்?" என்றார். பந்தாடினார்கள் ஐயா, ஒரு பிள்ளையைப் பந்தாடினார்கள்!

தலைமையாசிரியர் தாயை வரவழைத்தார். ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிற அம்மாவுக்கு நம் மொழி தெரியாது. மொழிபெயர்த்தது யார்? மகளேதான்!

"உங்க பொண்ணுக்குப் படிப்பு ஏறாது. வேலைக்கு அனுப்பிடுங்க."

"சார், அறிவியல்ல பாஸ் பண்ணியிருக்கா!" என்று குறுக்கே விழுந்தேன். "நீங்க சும்மா இருங்க" என்றார்.

தன் மேல் எழுதிய தீர்ப்பை, ஒரு சொல் தவறாமல், தன் வாயாலேயே தாய்க்குச் சொன்னாள் அந்தப் பெண். தாய் தலைகுனிந்து ஏதோ முணுமுணுத்தார். மகள் நிமிர்ந்தாள்: "உங்களுக்குச் சிரமம் குடுத்ததுக்கு மன்னிச்சிடுங்கன்னு அம்மா சொல்றாங்க சார்."

இவளுக்கா மொழி வராது? இவளுக்கா மூளை இல்லை?

மறுநாள் அவள் வரவில்லை. தாயோடு தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். தேடிப்போய், "திரும்பி வாம்மா" என்றேன். பொத்தான் தைத்தபடியே சொன்னாள்: "இங்க எதைச் சொன்னாலும் செஞ்சு காட்டறாங்க டீச்சர். அதனால புரியுது."

கைதட்டாதீர்கள். கைதட்டி என்ன ஆகப் போகிறது?

கணக்கிலே கேட்கிற சொல்லைக் கணக்கு வகுப்பு கற்றுத் தரட்டும்! வரலாற்றிலே கேட்கிற சொல்லை வரலாற்று வகுப்பு கற்றுத் தரட்டும்! கற்றுத் தராத சொல்லால் கேள்வி கேட்பது தேர்வல்ல, திருட்டு! பிள்ளையின் அறிவைப் பட்டப்பகலில் பறிக்கிற திருட்டு!

கேட்ட செவிகளுக்கு நன்றி. கேட்டும் அசையாத நாற்காலிகளுக்கும் என் வணக்கம்!