ஆலய அலங்காரத்துக்கு மஞ்சள் பூ

போதகர் ஐயா, அறுப்பின் பண்டிகைக்கு நான் செய்த அலங்காரம் பிரமாதம் என்று நீங்களே சொன்னீர்கள். அதை முதலில் ஞாபகப்படுத்திவிட்டு ஆரம்பிக்கிறேன்.

என் வீட்டுக்காரர் சத்தியநேசன் ஏன் ஆலயத்துக்கு வருவதில்லை என்று கேட்கத்தானே கூப்பிட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். பள்ளிக்கூட நேரம் போக அவருக்கு மலைதான் எல்லாம். அய்யனார் கோவில் அருவிக்கு மேலே ஒரு பாறைச் சரிவு இருக்கிறது. அங்கே மஞ்சளாகக் காட்டுச் சாமந்தி பூக்கும். அதற்குள்ளேயே கலந்து இன்னொன்றும் பூக்கிறது, உலகத்தில் வேறு எங்கும் இல்லாத புதுச் சாமந்தி அது என்று போன வருஷம் கண்டுபிடித்தார். பூவை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஒரு நாள் பை தூக்க என்னையும் அழைத்துப் போய்க் காட்டினார்.

"ஏட்டி அமிர்தம், பூவப் பாக்காத. எலையத் திருப்பிப் பாரு. அடியில பஞ்சு ஒட்டுன மாதிரி வெள்ளையா இருந்தா புதுசு. வழுவழுன்னு இருந்தா பழசு. ஒனக்கு எங்க வெளங்கப் போவுது."

விளங்கவில்லை என்றுதான் நானும் சொன்னேன். எனக்கு மஞ்சள் பூவெல்லாம் ஒன்றுதான்.

அந்தப் பூவுக்கு அவர் வைக்க நினைத்த பெயர் ஏசம்மாள். அவருடைய முதல் சம்சாரம். நான் வாக்கப்பட்டு வருவதற்கு முன்பே கர்த்தருக்குள் நித்திரையடைந்தவள். பொறாமையா என்று கேட்காதீர்கள். அவள் படத்தைத் தினமும் துடைத்து வைப்பவளே நான்தான். என் பெயரையும் அவர் ஒன்றுக்கு வைத்திருக்கிறார், எங்கள் வெள்ளாட்டுக்கு. சாயங்காலமானால் நாங்கள் இரண்டு பேருமே கத்துகிறோமாம். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

சென்னைக்கு அவர் அனுப்பிய காய்ந்த செடி வழியிலேயே மழையில் நனைந்து பூசணம் பிடித்துப் போனது. செடி நிற்கிற இடத்துக்கே வந்து பார்த்துவிட்டு ஒப்புக்கொள்கிறேன் என்று அங்கேயிருந்து ஒரு புரொபசர் சொல்லியனுப்பினார். பார்க்கக் கிடைக்காவிட்டால் இவர் சொன்னது வெறும் பேச்சாகிவிடும். புரொபசர் வந்தது திங்கட்கிழமை. முந்தின நாள் நம் பண்டிகை. அலங்காரம் என் பொறுப்பு.

சனிக்கிழமை காலையில் விறகுக்குப் போகிற மாடத்தியோடு நானும் மலையேறினேன். வேரோடு இருந்தால் பூ சீக்கிரம் வாடாது, அதனால் வேரோடு பிடுங்கினேன். விதை முற்றிக் காய்ந்து நின்ற தலைகளையும் விடாமல் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டேன். வீட்டில் அடுப்பெரிக்க உதவின. இலையில் பூச்சி இருக்குமே என்று அதையெல்லாம் உருவி ஓடையில் விட்டேன். "ஒரு நாள் பூவுக்கு யாரும் வேரோட புடுங்குவாகளா?" என்றாள் மாடத்தி. கர்த்தருக்குக் கொடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது என்றேன்.

மறுநாள் முன் பெஞ்சில் உட்கார்ந்து ஆராதனை முழுக்க என் வீட்டுக்காரர் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் பக்கத்தில் வந்து, "காட்டுச் சாமந்தியக்கூட இம்புட்டு அழகா வச்சிருக்கியே" என்றார். இலை இல்லாமல் போனதும் அவருக்கே அடையாளம் தெரியவில்லை, பாருங்கள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அசன விருந்து முடிந்த பிறகு எல்லாவற்றையும் வெள்ளாட்டுக்குப் போட்டேன். நன்றாகத் தின்றது.

திங்களன்று புரொபசர் சரிவு முழுக்க இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் வழுவழு. தப்பு யாருக்கும் வரும் என்று இவர் தோளைத் தட்டிவிட்டு ரயிலேறினார். அதற்குப் பிறகு இவர் யாரோடும் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான், மண்டியிட்டு ஒவ்வொரு இலையாகத் திருப்புகிறார். வீட்டுக்கு வந்தால் என்னிடம் மட்டும் கேட்கிறார்.

"நீயும் அன்னைக்குப் பாத்தேல்லா, அமிர்தம்?"

எனக்கு என்ன விளங்கும் என்கிறேன். பாவமாகத்தான் இருக்கிறது.

தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்பதுதானே உங்கள் கேள்வி. தெரியாமல்தான், ஐயா. சந்தேகமிருந்தால் மாடத்தியையே கூப்பிட்டுக் கேளுங்கள். அன்றைக்கு மேகம் இறங்கி முன்னால் நிற்கிற ஆள்கூடத் தெரியவில்லை. இரண்டு சாமந்தியும் பாறை முழுக்க ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பழையதில் ஒரு செடியைக்கூட நான் தொடவில்லை.