தலை எண்ணாத பேருந்து

கப்பலில் அறை எடுப்பதாக இருந்தால் நடுத்தளத்தில், அதுவும் கப்பலின் நடுப்பகுதியில் எடுங்கள். முன்பக்கம் என்றால் அலை தூக்கித் தூக்கிப் போடும். பின்பக்கம் என்றால் இயந்திரத்தின் உறுமல். மேல்தளத்து அறை சொந்தக்காரர்களிடம் பெருமையடித்துக்கொள்ள நன்றாக இருக்கும், வயிறுதான் ஒத்துழைக்காது. சாப்பாட்டுக் கூடத்துக்கு நேர் கீழே கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், விடிந்தும் விடியாமல் தலைக்கு மேலே நாற்காலியை இழுப்பார்கள்.

இதைக் கேட்கவா உங்களை இங்கே உட்கார வைத்திருக்கிறோம் என்று நினைக்கிறீர்கள், மேடம். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. என்ன செய்வது, பயண அலுவலகக் கவுண்டரில் பாதி ஆயுள் உட்கார்ந்து கப்பல் டிக்கெட் விற்றவள் நான். டிக்கெட்டோடு சேர்த்து நாலு நல்ல வார்த்தையும் சொல்லி அனுப்புவேன். என் பேச்சைக் கேட்டுப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து என்னைத் திட்டியதில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்த வரிசையில்தான் எனக்குச் சொல்ல வரும்.

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் ரேடியோ என்பார்கள். அவ்வளவு பேச்சு. பால் வாங்கப் போனால் பால் திரிந்துபோகிற நேரத்துக்குத்தான் வீடு திரும்புவார். அந்த மனிதருக்குப் பக்கவாதம் வந்து, கால் ஓரளவு தேறி, வாய் மட்டும் தேறவே இல்லை. ஒரே ஒரு சொல் மிஞ்சியது. சரி. பசித்தால் சரி, வலித்தால் சரி, கோபம் வந்தால் மேசையைத் தட்டி ஒரு சரி. சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். திருப்பிச் சொல்லத்தான் முடியாது. டாக்டருக்கே குழம்பும், என்னைத்தான் கேட்பார். உலகத்திலேயே அவருடைய சரிகளைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றால் அதற்கென்று ஒரு சரி உண்டு. மெதுவாக, தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சொல்வார். சொல்லிவிட்டு உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். ஒருமுறை மழையில் மாட்டிக்கொண்டு நான் தாமதமாக வந்தபோது, வேட்டி நனைந்துபோய் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழிப்பறை நாலடி தள்ளித்தான் இருந்தது. அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலையை விட்டேன். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், நகம் வெட்டினேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் என்னை ஆகா ஓகோ என்று புகழ்ந்தார்கள். புகழ்ந்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். எங்களுக்கு ஒரே மகள், வேறு ஊரில் இருக்கிறாள். அவளிடம் ஒருநாள் வாய் திறந்தே கேட்டேன், அப்பாவை ஒரு மாதம் வைத்துக்கொள்கிறாயா, நான் கொஞ்சம் தூங்கி எழுந்திருக்கிறேன் என்று. அவள் சிரித்தாள்.

"உன்ன விட்டா அப்பாவுக்கு யாரும்மா? நீ இல்லாம அவரால ஒரு நாள் இருக்க முடியுமா?"

அடுத்த வாரம் அவளும் மாப்பிள்ளையும் சேர்ந்து எங்கள் இரண்டு பேருக்கும் கப்பல் டிக்கெட் எடுத்து அனுப்பினார்கள், உனக்கும் ஒரு மாறுதலாக இருக்கும் என்று. அவளைக் குறை சொல்லவில்லை. நல்ல மனசோடுதான் செய்தாள். வீட்டில் செய்த அதே வேலையைத் தண்ணீர் மேல் போய்ச் செய்யச் சொன்னாள், அவ்வளவுதான்.

நடுத்தளத்தில் அறை. கட்டில்களைத் தனித்தனியாகவும் போடுவார்கள், சேர்த்து ஒன்றாகவும் போடுவார்கள். அறைப் பணியாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பலருக்கு இது தெரியாது. நாங்கள் தனித்தனியாகக் கேட்டோம். குளியலறை வாசலில் உயரமான படி ஒன்று இருக்கும், வயதானவர்கள் அதில்தான் தடுக்கி விழுவார்கள். அதைத் தாண்ட வைக்க ஒவ்வொரு தடவையும் நான் அவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். ஒருதரம் தூக்கும்போது என் கன்னத்தைத் தடவினார். கை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விடவில்லை. கீழே விழுந்து அடிபட்டால் அதையும் நான்தானே பார்க்க வேண்டும்?

அப்போதுதான் வேறு யோசனை வந்தது. கப்பலிலிருந்து ஒருவர் பாதியில் இறங்கிக்கொள்ளலாம், மேடம். முன்கூட்டியே வரவேற்பு மேசையில் சொன்னால் போதும், தேட மாட்டார்கள். சொல்லாமல் வராமல் போனால்தான் ஒலிபெருக்கியில் கூப்பிடுவது, துறைமுகத்துக்குத் தகவல் சொல்வது எல்லாம். நான் அவரையும் கூட்டிக்கொண்டே போய்ச் சொன்னேன். அடுத்த துறைமுகத்தில் இவருடைய தம்பி இருக்கிறார், வந்து அழைத்துப் போகிறார், கொஞ்ச நாள் அங்கே இருப்பார், பெட்டி தேவையில்லை என்று. மேசையில் இருந்த பெண் பொறுப்பானவள். என் பேச்சை மட்டும் வைத்து முடிக்காமல் அவர் பக்கம் குனிந்து கேட்டாள்.

"ஐயா, உங்களுக்குச் சம்மதம்தானா?"

"சரி" என்றார்.

அவரைக் கேட்காமல் நான் எதுவும் செய்யவில்லை, அதற்கு அந்தப் பெண்ணே சாட்சி. இல்லாத தம்பியைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்திருப்பார். பேச்சு இருந்த காலத்தில் இப்படி இல்லாத சித்தப்பா கதையெல்லாம் சொல்லி ஊரையே சிரிக்க வைத்தவர் அவர்.

கரையில் இறங்கி ஊர் பார்ப்பதற்கு இரண்டு வழி உண்டு. கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் பேருந்தில் போகலாம். கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வழிகாட்டி ஒவ்வொரு இடத்திலும் ஏறும்போது தலை எண்ணுவார். ஒரு தலை குறைந்தால் வண்டி நகராது. முதல்முறை போகிறவர்களுக்கு நான் எப்போதும் அதைத்தான் சொல்வேன். சொந்தமாகப் போனால் யாரும் தலை எண்ண மாட்டார்கள், தொலைந்தால் தொலைந்ததுதான். நாங்கள் துறைமுக வாசலைத் தாண்டி, ஊர்க்காரர்கள் ஏறுகிற சாதாரணப் பேருந்தில் ஏறினோம்.

கரைக்குப் போகும்போது மெல்லிய பருத்திச் சட்டை போட வேண்டும். அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் காலருக்கு உள்ளே பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதியிருக்கும். மகள் வந்திருந்தபோது அழியாத மையில் எழுதிக் கொடுத்தது. அன்றைக்கு நான் போட்டுவிட்டது புதுச்சட்டை. வெளிர் நீலம், அவருக்கு எடுப்பாக இருந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். கழுத்தில் அறைச் சாவி அட்டை தொங்கும், அதில் கப்பலின் பெயரும் ஆளின் பெயரும் இருக்கும். பேருந்தில் ஏறியதும், வியர்வையில் நனைந்துவிடும், கொடுங்கள் என்றேன். கழற்றிக் கொடுத்தார். அது என் கைப்பையில், அவருடைய பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது உங்கள் மேசை மேல் இருக்கிறதே, அதுதான்.

பேருந்து கடலை விட்டு மேலே மேலே ஏறியது. ஜன்னலோரம் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே வந்தார். கப்பலின் நேரமும் கரையின் நேரமும் சில ஊர்களில் வேறுபடும். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கப்பல் கிளம்பிய பிறகு கரையில் நின்று கையைப் பிசைய வேண்டியதுதான். இதை நான் அவருக்கும் சொல்லியிருந்தேன். அவர் மறக்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் இறங்கியதிலிருந்து கடிகாரத்தை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். நேரமாகிறது, கிளம்பு என்று அர்த்தம். நான் கப்பலைத் தவறவிட்டுவிடுவேனோ என்று அவருக்குக் கவலை.

நான் அவரை அடிக்கவில்லை. தள்ளிவிடவில்லை. பட்டினி போடவில்லை. தண்ணீர் பாட்டில் வாங்கி, மூடியைத் தளர்த்தி வைத்தேன், அவருக்கு இறுக்கமான மூடி திறக்க வராது. ஆரஞ்சு உரித்து, கொட்டை எடுத்துக் காகிதத்தில் வைத்தேன். நிழலான இடமாகப் பார்த்து உட்கார வைத்தேன். பேருந்து எப்போது என்று கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன். அவர் பதில் சொன்னார். கீழே இறங்கக் கிளம்பத் தயாராக நின்ற பேருந்தில் நான் ஏறி, அவர் கண்ணில் படாத எதிர்ப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன்.

கப்பலுக்கு நேரத்தோடு வந்து சேர்ந்தேன். ஏறுகிற வாசலில் அட்டையைக் காட்டினால் ஒரு மணி ஓசை வரும். எனக்கு ஒரே ஒரு ஓசை வந்தது. அறைப் பணியாளரிடம் கட்டில்களைச் சேர்த்துப் போடச் சொன்னேன். தினமும் துண்டை மடித்து இரண்டு யானை செய்து வைப்பார், அன்றைக்கு ஒரு யானை வைத்தார். ஐயா தம்பி வீட்டில் சந்தோஷமாக இருப்பார் என்று ஆறுதல் வேறு சொன்னார். ஆமாம் என்றேன். பிறகு உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டேன். சூப்பு சூடாக என் வாய்க்குள் போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது. தூங்கினேன் மேடம். நன்றாகத் தூங்கினேன். இதற்காகத்தான் என்னை யாரும் மன்னிக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகும் கப்பல் பல ஊர்களுக்குப் போனது. எந்த ஊரிலும் நான் இறங்கவில்லை. குளியலறைப் படிக்கு முன்னால் வந்தாலே கை தானாக நீளும், பிடிக்க இடுப்பு இருக்காது. அங்கேயே நின்றுவிடுவேன்.

மகளிடம் சொல்ல ஒரு கதை வைத்திருந்தேன். வழியில் உடம்பு சரியில்லாமல் போய், கப்பல் டாக்டரே ஓர் ஊரில் நல்ல ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார், பிறகு போய் அழைத்து வர வேண்டும் என்று. கதையைக் கெடுத்தது என் பழக்கம்தான். பயணத்தின் கடைசி மாலையில் பெட்டிகளில் அடையாளச் சீட்டுக் கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும், அவர்களே கரையில் இறக்கி வரிசையாக அடுக்கிவிடுவார்கள். ஆயிரம் பேருக்குச் சொன்ன பாடம். கை தன் பாட்டுக்கு இரண்டு பெட்டிக்கும் சீட்டுக் கட்டி வெளியே வைத்துவிட்டது.

எங்களை அழைத்துப்போக வந்த மகள், பெட்டிகளை அடுக்கியிருந்த துறைமுகக் கூடத்துக்கு எனக்கு முன்பே வந்து அப்பாவின் பெட்டியைக் கண்டுபிடித்திருந்தாள். அதன் மேல் கை வைத்துக்கொண்டு, எனக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"பின்னாடி வர்றார்" என்றேன். ஆஸ்பத்திரிக் கதை வாயில் வரவே இல்லை. அவளும் நம்பிக் கொஞ்ச நேரம் நின்றாள். கடைசி ஆளும் போய், கூடம் கூட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள். அவள் என்ன நினைத்தாளோ, குனிந்து பெட்டியைத் திறந்தாள். மேலேயே அவருடைய மாத்திரை டப்பா இருந்தது.

மருந்தைப் பெட்டியில் வைக்கவே கூடாது. பெட்டி கை மாறிப் போகும், மருந்து எப்போதும் கைப்பையில் நம்மோடு இருக்க வேண்டும். இது என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மருந்த நீ ஒருநாளும் பெட்டிக்குள்ள வைக்க மாட்டியேம்மா."

அவ்வளவுதான் கேட்டாள். பிறகு கப்பல் அலுவலகத்துக்கு ஓடினாள். தம்பி அழைத்துப் போனார் என்று அவர்கள் சொல்ல, அப்பாவுக்குத் தம்பியே கிடையாது என்று இவள் அலறியது கூடம் முழுக்கக் கேட்டது. அதன் பிறகு என்னோடு பேசவில்லை. இப்போது வெளியே நடையில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் இருமுவது எனக்குக் கேட்கிறது.

அவர் இறங்கிய ஊரில் துறைமுகத்தைச் சுற்றி எல்லா இடமும் தேடியாகிவிட்டது, ஆஸ்பத்திரி, பிணவறை எல்லாம் பார்த்தாயிற்று என்றீர்கள். துறைமுகத்தில் தேடினால் எப்படிக் கிடைப்பார்? மலை மேல் ஏறும் பேருந்தின் கடைசி நிறுத்தம். மூடிக் கிடக்கும் டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெஞ்சு, எதிரே பச்சைக் கதவு போட்ட செருப்புக் கடை. என் வீட்டுக்காரரை நான்தான் அங்கே விட்டுவிட்டு வந்தேன், வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்டீர்களே. சரி என்றார். வேறு என்ன சொல்வார்? எந்தச் சரி என்று நீங்கள் கேட்கவில்லை, உங்களுக்குக் கேட்கத் தெரியாது. மெதுவாக, தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சொன்னார். கடைக்குப் போகும்போது சொல்கிற சரி.

அதனால் ஆட்களை நாலா பக்கமும் அனுப்பி அலைக்கழிக்காதீர்கள் மேடம். இத்தனை நாளாகிவிட்டதே என்று யோசிக்கவும் வேண்டாம். அந்தப் பெஞ்சுக்கே போகச் சொல்லுங்கள், மாத்திரை டப்பாவைக் கொடுத்தனுப்புங்கள். நான் வரும்வரை அவர் எழுந்திருக்க மாட்டார்.