வேலாயியின் பங்குக் கான்

சத்தம் கேட்டபோது நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். ஆட்களை வேலைக்குக் கூப்பிடுகிற பெரட்டுத் தப்பு அடிக்க இன்னும் நேரம் இருந்தது. மழை விட்டிருந்தது. பெரிய மரத்தைத் தரையில் இழுப்பது போல ஓர் ஓசை; பிறகு கூரைத் தகரம் மடங்குகிற ஓசை; பிறகு ஒன்றுமே இல்லை. அதற்கு அப்புறம்தான் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற நாகலெட்சுமி கத்தினாள். நான் வாயைக் கொப்பளித்து, பூப்பாத்தியில் துப்பாமல் தண்ணீர் ஓடுகிற கானில் துப்பிவிட்டு, துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு போனேன். சுத்தம் என்பது பழக்கம், இன்ஸ்பெக்டர் ஐயா. அவசரம் வந்தாலும் அது விட்டுப்போகாது.

யாரும் கூப்பிடாமல் நான் ஏன் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று கேட்டீர்கள். மரண விசாரணையில் அதிகாரி எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னார். லயத்துக் கான்கள் ஒழுங்காகப் பராமரிக்கப்படவில்லை, அதனால்தான் மண் சரிந்து மூன்று உயிர் போனது என்றார். அது உண்மையில்லை. அதைத் திருத்தவேண்டும் என்றுதான் வந்தேன்.

என் பெயர் செல்லசாமி. வட்டகொடைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் காம்பராக்கள் வரிசையாக இருக்கிற லயங்களின் சுற்றுப்புறத்தைப் பார்க்கிற கங்காணி. நாடு சுதந்திரம் அடைந்த வருஷம் இந்தப் பொறுப்புக்கு வந்தேன். அப்போது எங்கள் லயத்து முற்றம் கிடந்த கிடையை இப்போது சொன்னால் நம்பமாட்டீர்கள். சேறு, கோழி எச்சம், ஆட்டுப் புழுக்கை, எரித்துப்போட்ட சாம்பல். நான் கல் சுமந்து நடைபாதை போட்டேன். ஓரக்கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். காலித் தகர டின்களில் டேலியாப் பூச்செடி வைத்தேன். துரை மோட்டார் சைக்கிளில் போகும்போது எங்கள் லயத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைப்பார். அந்த ஓசை குறைவதைக் காம்பராவுக்குள் இருந்தபடியே என்னால் கண்டுபிடிக்க முடியும்.

லயத்தின் ஒரு கோடியில் முதல் காம்பரா என்னுடையது. மறு கோடியில், கடைசிக் காம்பராவில் வேலாயி இருந்தாள். அவள் புருஷன் மாயாண்டி போன வருஷம் மரம் வெட்டும்போது கிளை விழுந்து செத்துப்போனான். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ரத்னா, பால்பல் விழுந்து முளைக்கிற வயது. சின்னது தவழ்ந்துகொண்டிருந்தது. வேலாயி கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி. நான் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் முற்றத்தில் அவள் பங்கு மட்டும் வேறு மாதிரி இருந்தது. கண்டபடி குச்சி நட்டுப் பீன்ஸ் கொடி, ஒரு வெள்ளாடு, குறுக்கே கயிறு கட்டிப் பிள்ளைத்துணி. லயத்தை ஒரு கோடியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தால், நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற ஒன்று அங்கே வந்து கெட்டுப்போகும்.

ஆனி மாதம் கம்பெனி ஏஜெண்டு வருகிறார், லயங்களைச் சுற்றிப் பார்த்து நல்ல லயத்துக்குப் பரிசு கொடுப்பார் என்று துரை சொன்னார். நான் பீலியடியில், தண்ணீர் பிடிக்க எல்லோரும் நின்ற இடத்தில், வேலாயியிடம் நல்லவிதமாகத்தான் பேசினேன்.

“வேலாயி, ஏஜெண்டுத் தொர வர்றாரு. அந்தப் பீன்ஸ் கொடியப் புடுங்கிட்டு நான் குடுக்குற டேலியாக் கெழங்க நட்டு வையி.”

“நட்டா என்னா ஆகும் கங்காணியாரே?”

“பூக்கும். வாசலு லட்சணமா இருக்கும்.”

“ராத்திரிக்குப் புள்ளைகளுக்குப் பூவத் தாளிச்சுப் போடவா?”

நாகலெட்சுமி குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “பூவு எதுக்குடி? கெழங்க அவிச்சுப் பாரு, ரொட்டிக்குத் தொட்டுக்கிறலாம். கங்காணியாரையும் ஒரு வாய்க்குக் கூப்புடு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நாகலெட்சுமி சிவப்புச் சேலை கட்டியிருந்தாள், மழைத்தூறல் இருந்தது என்பதெல்லாம் எனக்கு நினைவிருப்பது என்னுடைய ஞாபகசக்தியால்தான்.

இப்போது கான் விஷயத்தைச் சொல்கிறேன். எங்கள் லயம் மலையை வெட்டிச் சமன்செய்த இடத்தில் இருக்கிறது. பின்பக்கம் மண்மேடு. மேட்டின் மேலே, தேயிலை மலையிலிருந்து இறங்குகிற தண்ணீரைத் தடுத்துப் பிடிக்க ஒரு கான் ஓடுகிறது. அது என் காம்பராவுக்குப் பின்னால் தொடங்கி, எல்லாக் காம்பராவையும் தாண்டி, கடைசியில் வேலாயி காம்பராவுக்குப் பின்னால் போய் ஓடையில் விழும். அவரவர் காம்பராவுக்கு நேரே இருக்கிற கானை அவரவரே வெட்டித் துப்புரவு செய்யவேண்டும். இது துரை போட்ட சட்டமில்லை. லயத்துக்குள் நாங்களே வைத்துக்கொண்ட முறை. ஒருவன் பங்கு அடைத்துக்கொண்டால் தண்ணீர் அங்கேயே பொங்கி அவன் சுவரில்தான் இறங்கும். அதனால் யாரும் அடுத்தவன் பங்கைப் பற்றிப் பேசுவதில்லை. அவன் பாடு அவனுக்கு.

வேலாயி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற மலையிலிருந்து சுமந்துவரும் மிலாற்றை, அதுதான் அடுப்புக்கு எரிக்கிற தேயிலைக் குச்சிகளை, அந்தக் கான் ஓரத்தில் அடுக்கிவைப்பாள். அங்கே வைக்காதே என்று பலதடவை சொல்லியிருக்கிறேன். அதற்குச் சாட்சி உண்டு.

ஏஜெண்டு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், மழை பிடிக்கத் தொடங்கி எல்லோரும் உள்ளே போனபிறகு, நான் பின்பக்கமாக மேட்டில் ஏறினேன். வேலாயியின் பங்கில், அவள் மிலாற்றையே எடுத்துக் கானுக்குக் குறுக்கே போட்டேன். அதன்மேல் புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி, இடுக்கில் சேறு பூசி, காலால் மிதித்து இறுக்கினேன். வேலையை அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை. யார் பார்த்தாலும் மிலாறு சரிந்து கானை அடைத்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். கீழே அவள் காம்பராவில் குப்பிவிளக்கு எரிந்தது. சின்னது கைதட்டும் சத்தமும், ரத்னா அதற்கு ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தமும் கேட்டது. நான் கைகால் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டேன்.

அவள் பின்சுவர் நனையும், காம்பராவுக்குள் தண்ணீர் வரும், துரை அவளை வேறு லயத்துக்கு மாற்றிவிடுவார், அவ்வளவுதான் என் எண்ணம். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

டேலியாத் தகரங்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். நாகலெட்சுமி சொல்லியிருப்பாள். சரி. வேலாயி காம்பராவின் கோடிச் சுவர் ஓரம் நல்ல வெயில் விழும். அதனால் நல்ல ஜாதித் தகரங்களை அங்கேதான் வைத்திருந்தேன். அன்று மேட்டில் ஏறுவதற்கு முன்னால் அவற்றை என் காம்பரா வாசல் இஸ்தோப்புக்கு எடுத்துவந்தேன். ரத்னாவும் ஒரு சின்னத் தகரத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். தினமும் அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் அவள்தான். நல்ல பிள்ளை.

“ஏன் மாமா, பூவுக்குக் குளுருமா?”

“மழ பெருசா வரும் போல இருக்கு” என்றேன். அவளுக்கு ஒரு பூ பறித்துக் கொடுத்தேன். நான் பறித்து யாருக்கும் கொடுப்பதில்லை.

நீங்கள் இப்படிப் பார்க்கவேண்டாம். மேட்டில் வெடிப்பு இருந்தது எனக்குத் தெரியும். வேலாயி காம்பராவுக்கு நேர் மேலே, கை நுழைகிற அகலம். நான் கையை விட்டுப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் அதில் இறங்கினால் மேடு நிற்காது என்பதும் தெரியும். சுற்றுப்புறத்தைப் பார்க்கிறவனுக்கு இது தெரியாமல் எப்படி இருக்கும்? தெரியாது என்று சொன்னால் அது என் வேலைக்கு இழுக்கு.

மண்ணைத் தோண்டினோம். நானும்தான் தோண்டினேன். முதலில் ஆடு வந்தது. பிறகு வேலாயி, சின்னதை மடியில் அணைத்தபடி. ரத்னாவை எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. ஏஜெண்டு வரவில்லை, பாதை சேறாக இருக்கிறது என்று வட்டகொடையிலிருந்தே திரும்பிவிட்டாராம். ஓரக்கற்கள் எல்லாம் மண்ணுக்குள்.

நான் ஒரு கணக்குத் தப்பிவிட்டேன். வேலாயி தன் பங்கைக் கவனிக்கவில்லை, அவள் மிலாறே அவளுக்கு வினையாயிற்று என்று எல்லோரும் சொல்வார்கள் என நினைத்தேன். லயத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். விசாரணையில் நானும் அதையே சொன்னேன். ஆனால் டவுனிலிருந்து வந்த அதிகாரிக்கு எங்கள் முறை எங்கே தெரியும்? “பங்குகிங்கு எல்லாம் எனக்கு வேண்டாம். கானுக்குப் பொறுப்பு யார்? கங்காணிதானே?” என்றார். துரை தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் என் வேலையைப் பொன்னையாவுக்குக் கொடுத்தார்கள். அவன் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பதே இல்லை. குழந்தைகள் பாத்தியில் ஏறி மிதிக்கின்றன.

அதனால்தான் சொல்கிறேன். கான் பராமரிக்கப்படவில்லை என்பது பொய். முதல் காம்பராவிலிருந்து கடைசிவரை துப்புரவாக இருந்தது. நான் அடைத்தேன், அதனால் அடைத்தது. நான் செய்ததை ஒப்புக்கொள்கிறேன். நான் செய்யாத அசிரத்தையை என் தலையில் கட்டவேண்டாம்.

என் பங்கா? அதுவும் துப்புரவாகத்தான் இருந்தது.

யார் வெட்டியது என்பது இங்கே எதற்கு? அந்த வாரம் முழுவதும் நான் முன்பக்கம் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். ஏஜெண்டு பின்பக்கம் வந்து பார்க்கப்போவதில்லை. என் பங்கில் இலையும் மண்ணும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம்.

சரி, சொல்கிறேன். நான் மேட்டில் ஏறினேனே, அதே நாள் மத்தியானம். கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் எல்லோரும் லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, வேலாயி என் காம்பராவுக்குப் பின்னாலிருந்து மண்வெட்டியோடு இறங்கி வந்தாள். முழங்கால்வரை சேறு. நாகலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். வேலாயி சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, சொந்த அண்ணனிடம் சொல்வதுபோல், நல்ல மனதோடுதான் சொன்னாள்:

“கங்காணியாரே, ஒங்க பங்குக் கானு தூந்து போயிக் கெடந்துச்சுங்க. மழைக்கு ஒங்க செவரு தாங்காதேன்னு நானே வெட்டி விட்டுட்டேன்.”