சேவலின் கடைசித் துண்டு

— பையைத் தலைகீழாக் கவுத்துட்டேங்க. கையுறை இருக்கு, காதடைப்பு இருக்கு, போன வருஷத்துத் தொத்திறைச்சி ரொட்டி பாதி கல்லா இருக்கு. உங்க கண்ணாடியை மட்டும் காணோம்!

— நல்லாப் பாரு போஜெனா. அந்த உள்ஜிப்புக்குள்ள?

— பாத்தாச்சு. கார் டிக்கி பாத்தாச்சு, சீட்டுக்கு அடியில பாத்தாச்சு. நீங்களும் கொஞ்சம் குனிஞ்சு தேடினா என்னவாம்? நட்டு வெச்ச கம்பமாட்டம் நிக்கறீங்க!

— எங்கே குனியறது? துப்பாக்கிச் சகோதரர் சங்கம்னா இந்தப் பழங்கால அங்கி போட்டே ஆகணுமாம், அதுக்கு மேல இவ்ளோ அகலத்துக்கு இடுப்புக் கச்சை. குனிஞ்சா தொப்பை வெடிச்சுடும்.

— கடவுளே, கடவுளே! போன சுத்துல சுடும்போது மூக்கு மேலதானே இருந்துச்சு? நான்தானே துடைச்சுக் குடுத்தேன்? எங்கே கழட்டினீங்க?

— சூப்புக் கூடாரத்துலயா இருக்கும். ஆவி அடிச்சுச்சுன்னு கழட்டின மாதிரி ஞாபகம்.

— அங்கேயும் கேட்டுட்டுதான் வரேன். அண்டாக்குள்ளகூடக் கரண்டியை விட்டுத் துழாவிட்டாங்க. ஜெனோன் ஐயா கண்ணாடியான்னு ஊரே சிரிக்குது.

— சிரிக்கட்டும். போன வருஷம் கடைசித் துண்டு என் கையில வந்து நான் கோட்டைவிட்டப்பவே சிரிச்சு முடிச்சுட்டாங்க. இன்னிக்கும் ரொட்டிக் கடைக்குப் போனா ஒருத்தன் கொக்கரக்கோன்னு கூவுறான்.

— அதனாலதாங்க நான் இப்படித் தேடி அலையறேன்! மரச்சேவலுக்குத் தலை போச்சு, ரெக்கை போச்சு, வால் போச்சு. கம்பத்து உச்சியில ஒத்தைத் துண்டு ஒட்டிக்கிட்டிருக்கு. அதைத் தள்ளிட்டா வருஷம் முழுக்க நீங்கதான் ராஜா. உங்களுக்கு முன்னாடி ரெண்டே பேர்தான் இருக்காங்க!

— ரெண்டு பேர் இல்ல. ஒருத்தன். சத்தம் கேட்டியா? குண்டு மேகத்துக்குப் போயிடுச்சு.

— ஐயோ! நில்லுங்க, என் கண்ணாடியைப் போட்டுப் பாருங்க.

— உன்னுது வெறும் பாதுகாப்புக் கண்ணாடி. அதைப் போட்டா எனக்குக் கம்பமே தெரியாது. மணிக்கூண்டைச் சுட்டுடுவேன், பாதிரியார் ஓடிவருவாரு.

— அப்ப நான் வீட்டுக்கு ஓடி உங்க பழைய கண்ணாடியைக் கொண்டாரேன். பத்தே நிமிஷம்!

— வேணாம்! ரோட்டை பேண்டு வாத்தியக்காரங்க அடைச்சுக்கிட்டு நிக்கறாங்க. நீ எங்கேயும் போகக் கூடாது, இங்கேயே இரு. எனக்கு அடுத்தது நீதான், மறந்துட்டியா?

— என் முறையை விடுங்க. எல்லா வருஷமும் நான்தான் கடைசி. எனக்கு அப்புறம் சேர்ந்த தடியனெல்லாம் எனக்கு முன்னாடி சுடுவான். என்கிட்ட வரதுக்குள்ள கடைசித் துண்டு விழுந்துடும். நான் காலிக் கம்பத்தைச் சுடுறதுக்கே பொறந்தவ.

— இன்னிக்கு இன்னும் விழலையே.

— உங்க குறியில விழும்னுதாங்க நான் காலையிலேயே மாதா கோயில்ல முழங்கால் போட்டேன்! அதோ, அண்ணன் வராரு. அவருகிட்டக் கேக்கறேன்.

— அந்தாள்கிட்டயா? அந்தாள்தான் திருடியிருப்பான்.

— என்ன மாப்பிள, தூரத்துலயே என் பேரு மணக்குதே. கண்ணாடியைத் தொலைச்சுட்டியாமே?

— தொலைக்கல மச்சான், தொலைஞ்சுடுச்சு. ரெண்டு தடவை ராஜாவா இருந்தவருக்கு மூணாவது தடவை ஆசை வந்தா, அடுத்தவன் கண்ணாடிக்குக் கால் முளைக்கும்.

— டேய், இந்த கெரார்டுக்கு உன் கண்ணாடியைத் திருடித்தான் ஜெயிக்கணும்னு தலையெழுத்தா? நீ கண்ணாடி போட்டுக்கிட்டே போன வருஷம் என்னத்தைக் கிழிச்சே?

— அண்ணே, வாயை அடக்குங்க. உங்க கண்ணாடியைக் குடுங்க அவருக்கு. ஒரே ஒரு குண்டு.

— தாராளமா. இந்தா மாப்பிள.

— ம்... ம்ஹும். தலை சுத்துது. உன் முகமே ரெண்டாத் தெரியுது மச்சான், ஒண்ணையே சகிக்க முடியாது. எடுத்துக்க.

— பாத்தியா போஜெனா? நல்ல மனசோட குடுத்தாலும் குத்தம்.

— ஏங்க! அந்த ஒருத்தனும் கோட்டைவிட்டுட்டான்! கூப்பிடறாங்க! உங்க பேரு!

— மொத அழைப்புதானே. மூணு இருக்கு.

— மூணாவது முடிஞ்சா முறை போச்சுங்க! எப்படிங்க இப்படி அசையாம நிக்கறீங்க? ஒரு பதட்டம் வேணாம்? எனக்குக் கை காலெல்லாம் உதறுது!

— உதறக் கூடாது. நீ மூச்சை நிதானமா விடு. கையை உதறி விடு, அப்படித்தான்.

— என் மூச்சு எதுக்கு இப்ப? அண்ணே, நீங்க கமிட்டியில இருக்கீங்கல்ல? கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்க.

— நானூறு வருஷத்து வழக்கம் தங்கச்சி. தோட்டா மறந்தவன், தொப்பி மறந்தவன், ஒருத்தன் துப்பாக்கியையே ரயில்ல மறந்தான். யாருக்கும் சேவல் காத்திருக்கல. மாப்பிள முறை போனா, நீ சும்மா சாஸ்திரத்துக்கு ஒண்ணு சுட்டுட்டு வந்துடு. அப்புறம் புதுச் சுத்து. புதுச் சுத்துல மொத ஆளு யாரு?

— நீங்கதான். பல்லைக் காட்டாதீங்க.

— ரெண்டாவது தடவை கூப்பிடறான்டா மாப்பிள. காது இருக்கா, அதையும் தொலைச்சுட்டியா?

— ஏங்க, நான் ஒண்ணு செய்யறேன். நான் போய் வேணும்னே வானத்தைப் பாத்துச் சுட்டுடறேன். புதுச் சுத்து வரட்டும். உங்க முறை வரதுக்குள்ள வீட்டுக்குப் போய்க் கண்ணாடியோட வந்துடுங்க!

— என்னது? ஐயையோ! அடிப்பாவி, அது மட்டும் செய்யாத!

— ஏங்க கத்தறீங்க?

— கத்தாம? புதுச் சுத்துல மொதக் குண்டு உங்க அண்ணனோடது! தட்டுல வெச்சுப் படைக்கிறியா? மூணாவது தடவையும் இந்த மீசையைப் படம் வரைஞ்சு மண்டபத்துல மாட்டணுமா?

— மண்டபத்துல மாட்டியிருக்கிற ராஜாங்க படம் எல்லாமே மீசைதானேங்க. இதுல என்ன புதுசு?

— அதைத்தான்டி சொல்றேன்!

— மூணாவது அழைப்பு. முடிஞ்சுது மாப்பிள. கொக்கரக்கோ.

— போயிடுச்சு... உங்க முறை போயிடுச்சுங்க. கடவுளே, அழுகையா வருது.

— அழாத. கண்ணு கலங்கினா குறி கலங்கும். போஜெனா, இங்கே பாரு, என்னைப் பாரு. வேணும்னு விடக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணு.

— உங்களுது அது. உங்க மிச்சத்தை நான் எப்படி...

— யாரோட மிச்சமும் இல்ல. உனக்கு முறை, கம்பத்துல துண்டு. இப்படி ஒரு நாள் உனக்கு வந்திருக்கா? போ! காத்து எடதுலேர்ந்து வருது. துண்டோட அடியில ஆணி இருக்கு, அதுக்கு வலப்பக்கம் மரம் பொளந்திருக்கு. அங்கே வை.

— கண்ணு தெரியாதவன் வழி சொல்றான், கேட்டுக்க தங்கச்சி.

— அண்ணே, தள்ளி நில்லுங்க. நான் சுடப்போறேன்.

— போறாளே... என்ன பண்றா மச்சான்? எனக்கு ஒண்ணும் தெரியல, சொல்லு.

— என்ன பண்ணுவா? துப்பாக்கியைத் தாங்கியில வெக்கறா. கூட்டம் பாதி பீருக்குக் கிளம்பிடுச்சு. பேண்டுக்காரன் ஊதுற துத்தாரியை உறையில போடறான்.

— போடட்டும், போடட்டும். திரும்ப எடுப்பான்.

— உனக்கு என்னடா இப்படி வேர்க்குது? உன் முறை போனதுக்கு அழுவேன்னு பாத்தேன்.

— பேசாம இரு மச்சான்! ஏய், தோளை எறக்கு, தோளை எறக்கு... அப்படி. ஆங்.

— ஒண்ணும் தெரியலேன்னே?

— தெரியத் தேவையில்ல. இத்தனை வருஷக் குடித்தனம். அவ படபடப்பா இருந்தா வலது தோள் தூக்கும். எங்க சண்டையெல்லாம் அந்தத் தோள்லதான் ஆரம்பிக்கும்.

— சுட்டா!

— விழுந்துச்சா? விழுந்துச்சா?

— இல்ல. பட்டுச்சு, ஆனா விழல. ஆடுது. ஆணியில தொங்குது. நெருப்புக்குச்சி அகலத்துல ஒட்டிக்கிட்டிருக்கு. ஹா, நல்ல சகுனம், எனக்குன்னே வெச்சிருக்கா...

— காத்தே, கொஞ்சம் வீசுடா. கொஞ்சூண்டு. என் அப்பனே, என் ராசா...

— அட... அடச்சே!

— விழுந்துடுச்சா?

— விழுந்துடுச்சு.

— விழுந்துடுச்சு! டேய் பேண்டு, துத்தாரியை எடுடா! சேவல் விழுந்துடுச்சு! என் பொண்டாட்டி! என் பொண்டாட்டி தள்ளிட்டா!

— கழுத்தை விடுடா, மூச்சு முட்டுது. நான் என்னத்தைச் சொல்ல... அவ என் தங்கச்சிடா. எனக்கே புல்லரிக்குது. இதுல ராணின்னு எழுதுவாங்களா, ராஜான்னு எழுதுவாங்களா?

— ராஜாதான்! சங்கத்துச் சட்டத்துல ராணிக்கு வார்த்தையே இல்ல.

— ஏங்க! ஏங்க, பாத்தீங்களா? ஐயோ, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே! ஆணிக்கு வலப்பக்கம், நீங்க சொன்ன எடத்துல! ஆடி ஆடி, அப்புறம் பொத்துன்னு! தலைவர் வெள்ளிச் சேவல் சங்கிலியை எடுத்துக்கிட்டு நிக்கறாரு. எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது!

— வா, வா என் ராஜா. உன் சங்கிலியை வாங்கிக்க.

— வரேன். ஆனா மனசு கேக்கலைங்க. உங்க கண்ணாடி மட்டும் கிடைச்சிருந்தா இது உங்க கழுத்துல விழுந்திருக்கும். உங்களைத் திட்டினேன் வேற. கோவமா? சொல்லுங்க.

— கோவமெல்லாம் இல்ல. யாரும் பாக்காம இந்தக் கச்சையைக் கொஞ்சம் தளர்த்திவிடு போஜெனா. சூப்பு குடிச்சப்ப உள்ள சொருகி வெச்சதுலேர்ந்து அந்தக் கண்ணாடி தொப்பையிலேயே குத்திக்கிட்டு இருக்கு.