வொர்க் ஏரியா

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறவனுக்கு முதலில் வேண்டியது பொறுமை, ஐயா. எனக்கு அது உண்டு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் பார்க்கிற வேலைக்கும் அதுதான் தகுதி.

உட்காரச் சொன்னதற்கு நன்றி. தண்ணீர் வேண்டாம். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் டெனிஷ். தோஹாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். பள்ளம் தோண்டும் இடம், சாரம் கட்டும் இடம், கிரேன் நிற்கும் இடம் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்து, ஆபத்து என்று பட்டால் வேலையை நிறுத்த வேண்டும். நான் கையைத் தூக்கினால் அங்கே எந்த இயந்திரமும் நின்றுவிடும். மனைவி ஷைஜாவும் மகளும் என்னோடு அங்கேதான் இருக்கிறார்கள்.

வீடு திருவட்டாறு பக்கம், ரப்பர் விளையின் ஓரத்தில் ஒரு சரிவில் இருக்கிறது. நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் சமநிலம் எங்கே கிடைக்கிறது? மேட்டை வெட்டித்தான் வீடு வைக்க வேண்டும். எங்கள் மனைக்குப் பின்னால் செம்மண் மேடு இரண்டு ஆள் உயரத்துக்கு ஏறும். மேட்டின் மேல் கிருஷ்ணமணி மாமாவின் வீடு. சொந்த மாமா இல்லை. அக்கம்பக்கம் என்பதால் அப்படி அழைப்போம். அவரும் மனைவி பகவதியம்மாளும்தான் அங்கே இருந்தார்கள். மகள் அஜிதாவைக் கோட்டாறில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டு வேலை முதலிலிருந்தே சரியாகப் போகவில்லை. முதல் கான்ட்ராக்டர் அஸ்திவாரத்தோடு கிளம்பிவிட்டார். போர்வெல்லில் தண்ணீர் வரவில்லை. அப்போது பகவதியம்மாள் மாமிதான் தன் கிணற்றிலிருந்து குழாய் போட்டுக்கொள்ளச் சொன்னார். "வீடு கெட்டுகதுக்குத் தண்ணி இல்லேன்னு சொல்லுவாவளா மக்கா? எங்களுக்கு ரெண்டு பேருக்கு எவ்வளவு வேணும்? எடுத்துக்கிடுங்க" என்றார். எங்கள் சுவர்களெல்லாம் அந்தத் தண்ணீரில் நனைந்து இறுகியவை.

இரண்டாவதாக வந்தவன் பெனின், சிவில் படித்த பையன். மேற்பார்வைக்கு ஷைஜாவின் அண்ணன் ஜான்ரோஸ் இருந்தார். குழித்துறையில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்பவர். தினமும் கடையைத் திறக்கும் முன் ஸ்கூட்டரில் போய் வேலையைப் பார்த்துவிட்டு எனக்குப் பேசுவார். அவருக்குக் கட்டட வேலை தெரியாது. என்னை நம்பத் தெரியும்.

ஆனாலும் எனக்குத் திருப்தி இல்லை. அதனால் மனையில் நிற்கும் தென்னையில் ஒரு கேமரா பொருத்தச் சொன்னேன். தோஹாவில் இருந்தபடி போனில் அதை எந்தப் பக்கமும் திருப்பலாம், பார்க்கலாம், கேட்கலாம், பேசவும் செய்யலாம். முதல் நாள் நான் அதன் வழியாகப் பேசியபோது கொத்தனாரின் கையிலிருந்து கரண்டி கீழே விழுந்தது. மாமிக்கு மட்டும் அது விளையாட்டாகிவிட்டது. அவர் வீட்டு அடுக்களைக்குப் பின்னால், மேட்டின் விளிம்பை ஒட்டித் துணி துவைக்கும் கல் கிடந்தது. வாளியோடு அங்கே வரும்போதெல்லாம் தென்னையை நிமிர்ந்து பார்த்து, "டெனிசு மக்கா, சாப்பிட்டியா?" என்று கேட்பார். நான் வேலை இடைவேளையில் இருந்தால், "சாப்பிட்டேன் மாமி" என்பேன். தென்னை பேசுகிறது என்று வேலையாட்கள் சிரிப்பார்கள்.

இனி வொர்க் ஏரியா. உங்களுக்குத் தெரியும், இப்போது நம் பக்கத்தில் அது இல்லாமல் யாரும் வீடு கட்டுவதில்லை. மீன் கழுவ, தேங்காய் திருவ, விறகடுப்பு வைக்க, அடுக்களைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. எங்கள் பிளானில் அதற்கு இடம் இல்லை. மேட்டை இன்னும் உள்ளே வெட்டினால் கிடைக்கும். ஷைஜா ஒரு தடவைதான் கேட்டாள். அதை விடாமல் பிடித்துக்கொண்டது நான். டிசம்பரில் எனக்கு லீவு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வீட்டுப் பிரதிஷ்டை என்று போதகரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

பெனின் ஒப்புக்கொள்ளவில்லை. "அண்ணா, மேல ஆளு இருக்க வீடாக்கும். முதல்ல கொஞ்சம் கொஞ்சமா வெட்டிக் கல்கெட்டு கெட்டுவோம். கல்லு கிடைக்கல்ல. வரட்டு, பெறவு பாப்போம்" என்றான். மண் சரியாமல் தாங்குகிற கருங்கல் சுவரைத்தான் கல்கெட்டு என்றான். அவன் சொன்னது சரி. அங்கே என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நான் அவனோடு வாதாடவில்லை. ஜான்ரோஸ் அத்தானைக் கூப்பிட்டேன். "அத்தான், மழைக்கு முன்னால மண்ணை எடுத்துப் போடச் சொல்லுங்க. ஒரே வெட்டா வெட்டட்டும். கெட்டு பெறவு கெட்டிக்கிடலாம். நீங்க நேர்ல நின்னு சொன்னா பெனின் கேப்பான்" என்றேன். கட்டட வேலையில் மற்ற எல்லாவற்றையும் நான் வாட்ஸாப்பில் எழுதித்தான் அனுப்புவேன். இதை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று அப்போது என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: எழுதினால் இருக்கும், பேசினால் இருக்காது.

ஜேசிபி வந்து மேட்டைச் செங்குத்தாக வெட்டியது. செம்மண் காய்ந்திருக்கும்போது சுவர் மாதிரி நிற்கும். பார்ப்பதற்கு அழகாகக்கூட இருக்கும்.

அன்று கிருஷ்ணமணி மாமா வீடியோ காலில் வந்தார். கோபப்படுகிற மனிதர் இல்லை. "மக்கா, எனக்க அடுக்களைக்க பக்கத்துல வரைக்கும் மண்ணு எடுத்தாச்சே. மழை வந்தா என்ன செய்ய? அஜிதா பேடிச்சுக் கெடக்கா. கோட்டாறுக்கு வாங்க, வாங்கன்னு விளிக்கா" என்றார்.

நான், "மாமா, எனக்கு அங்க வேலையே இதாக்கும். மண்ணு நிக்குமா, விழுமான்னு பாக்கதுக்குத்தான் எனக்குச் சம்பளம். எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அவர் யோசித்துக்கொண்டு நின்றார். பக்கத்திலிருந்து மாமி, "பிள்ள தெரியாமலா சொல்லுவான்? அவன் பாத்துக்கிடுவான். நீங்க போனை வையிங்க" என்றார். மகளிடம் போகாமல் அவர்கள் அந்த வீட்டிலேயே இருந்தது என் பேச்சை நம்பித்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு மழை வந்தது. கல் வரவில்லை. நான் தினமும் கேமராவில் மேட்டைப் பார்த்தேன். ஒரு நாள் மேலே, துவைக்கும் கல்லுக்கு அந்தப் பக்கம், புல்லுக்கு நடுவில் ஒரு கோடு தெரிந்தது. தலைமுடி விழுந்து கிடக்கிற மாதிரி இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். மறுநாள் அது விரல் நுழைகிற அளவுக்கு இருந்தது. வெட்டின மேட்டின் தலையில் அப்படி ஒரு வெடிப்பு விளிம்புக்கு இணையாக ஓடினால், அதற்கு இந்தப் பக்கம் இருக்கும் மண் முழுவதும் ஏற்கனவே பிரிந்துவிட்டது என்று அர்த்தம். எப்போது என்பது மட்டும்தான் மிச்சம். அதே வாரம் தோஹாவில், ஒரு பைப் லைன் பள்ளத்தின் கரையில் இதைவிடச் சின்ன வெடிப்பைப் பார்த்து விசில் அடித்து எல்லோரையும் மேலே ஏற்றினேன். கம்பெனியில் பாராட்டினார்கள். அன்று இரவு சாப்பிடும்போது ஷைஜாவிடம் அதைச் சொன்னேன். ஊரில் இருக்கும் வெடிப்பைப் பற்றிச் சொல்லவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று பொறுமையாக யோசித்தேன். மாமா மகள் வீட்டுக்குப் போவார். அஜிதாவின் கணவர் தாலுகா ஆபீசில் புகார் கொடுப்பார். வேலையை நிறுத்துவார்கள். பிரதிஷ்டை நின்றுபோகும். பாதி வீடு மழையில் நிற்பதை ஊர் பார்க்கும். கல் வருகிற வரைக்கும் தாங்கினால் போதும் என்று நினைத்தேன்.

ஜான்ரோஸ் அத்தானிடம் மேட்டின் தலையில் நீலத் தார்ப்பாய் விரிக்கச் சொன்னேன். தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் இருப்பதற்கு அது சரியான வழிதான். எந்தப் பாதுகாப்புப் புத்தகத்திலும் இருக்கும். ஆனால் தார்ப்பாய் விரித்தால் வெடிப்பு மாமாவின் கண்ணில் படாது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டில் எது முதலில் மனதில் வந்தது என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன், ஐயா. தண்ணீர்தான் முதலில் வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசை.

அந்த நாள். எனக்குக் காலை வேலை ஆரம்பித்திருந்தது. ஊரில் மதியம் ஆகப்போகிற நேரம். விடியும்வரை பெய்த மழை விட்டிருந்தது. கண்டெய்னர் ஆபீசில் தனியாக உட்கார்ந்து கேமராவைத் திறந்தேன். தார்ப்பாய் நடுவில் நீளவாக்கில் உள்ளே தொய்ந்து, அதில் தண்ணீர் தேங்கி நின்றது. கீழே வெட்டுமுகத்தில் அடிப்பக்கம் வயிறு மாதிரி பிதுங்கியிருந்தது. மண் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்தது. வேலையாட்கள் வரவில்லை. அது ஒரு நிம்மதி.

அப்போது மாமி வாளியோடு வந்தார். மழை நாட்களில் சேர்ந்த துணி நிறைய இருந்தது. தார்ப்பாயின் ஓரத்தைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கல்லருகே நின்றார். வழக்கம்போல நிமிர்ந்து பார்த்தார்.

"டெனிசு மக்கா, இருக்கியா?"

பேசும் பொத்தானின் மேல் என் பெருவிரல் இருந்தது. அழுத்தினால் போதும். "மாமி, வீட்டுப் பக்கம் போங்க" என்றால் கேட்கக்கூடியவர். ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டார். வாளியை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருப்பார்.

நான் அழுத்தவில்லை. பேசினால், நான் பார்த்தேன் என்று ஆகிவிடும். இன்று பார்த்தவன் நேற்றும் பார்த்திருப்பான் என்று ஆகும். எங்கள் தொழிலில் ஆபத்தைப் பார்த்தவன்தான் பொறுப்பு. பார்க்காதவனுக்குப் பொறுப்பு இல்லை. இவ்வளவும் அந்த ஒரு நிமிஷத்தில் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக எனக்குள் ஓடியது. பதற்றம் எதுவும் இல்லை.

கேமராவை வாசல் பக்கம் திருப்பினேன். கல் லாரி வருகிறதா என்று பார்க்க என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று லாரி கிடையாது என்று முந்தின நாளே பெனின் சொல்லியிருந்தான்.

படத்தில் வாசல் இருந்தது. ஈரச் சாலையில் ஒரு கோழி போய்க்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் பின்னாலிருந்து வந்தது. துணியைக் கல்லில் அடிக்கும் சத்தம். நின்று நின்று, ஒரே சீராக. பிறகு அது நின்றுவிட்டது. பெரிய ஓசை எதுவும் கேட்கவில்லை. ஈர மண் அப்படித்தான் விழும். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் மாமாவின் குரல். "ஏட்டி... பகவதி... ஏட்டி" என்று சாதாரணமாகத்தான் கூப்பிட்டார், சோறு போடக் கூப்பிடுகிற மாதிரி. இரண்டாவது தடவை கூப்பிட்டபோது நான் போனை அணைத்தேன்.

ஜான்ரோஸ் அத்தான் கூப்பிட்டபோது சைட்டில் நின்றுகொண்டிருந்தேன். அவரால் பேச முடியவில்லை. "மாப்பிள, மேடு விழுந்துட்டு. மாமி மண்ணுக்க உள்ள..." என்று அழுதார்.

நான், "எப்படி அத்தான்?" என்று கேட்டேன்.

நான் செய்ததில் எது பெரிய பாவம் என்று தெரியவில்லை. ஆனால் தூக்கத்தில் எனக்குக் கேட்பது அந்த என் கேள்விதான்.

அடக்கத்துக்கு நான் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றேன். லீவு கேட்கவே இல்லை. உங்களுக்கு முன்னால் இந்த ஸ்டேஷனில் இருந்த இன்ஸ்பெக்டர் கேமராப் பதிவைப் பார்த்துவிட்டு, வாசலைத்தான் காட்டுகிறது, பிரயோஜனமில்லை என்று விட்டுவிட்டார். வெட்டச் சொன்னது யார் என்று விசாரித்தபோது ஜான்ரோஸ் அத்தான், "நான்தான் சொன்னேன்" என்றார். அது பொய் இல்லை. அவர்தான் நேரில் நின்று சொன்னார். அவரையும் பெனினையும் கைது செய்தீர்கள். ஜாமீனில் வந்த அன்று எனக்குப் போன் செய்து, "நீ ஒண்ணும் வாய தொறக்காத மாப்பிள. உனக்க வேல போச்சுன்னா எனக்க தங்கச்சியும் பிள்ளையும் என்ன செய்யும்? எனக்கு வயசாச்சு, நான் ஏத்துக்கிடுதேன்" என்றார். வெட்டச் சொன்ன குற்றத்தை மட்டும் எனக்காகச் சுமப்பதாக அவர் நினைக்கிறார். வெடிப்பைப் பற்றி அவருக்குத் தெரியாது. சபைக் கமிட்டியிலிருந்து அவராகவே விலகிக்கொண்டார். கடைக்கும் சரியாகப் போவதில்லை என்று ஷைஜா சொல்கிறாள். அண்ணன் இப்படிக் கவனமில்லாமல் இருந்துவிட்டாரே என்று அவள் அழும்போது நான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

நேற்று ஊருக்கு வந்தேன். வீட்டுக்குப் போகவில்லை. கோட்டாறில் அஜிதாவின் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வதற்காகப் போனேன் என்று கேட்காதீர்கள், தெரியாது. துக்கம் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இருந்திருக்கும். அஜிதா காபி கொடுத்தாள். மாமா மெலிந்திருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டார். யார் மேலும் அவருக்கு வருத்தம் இல்லை. ஜான்ரோஸை விட்டுவிடச் சொல்லி உங்களிடம் வந்து பேசப்போவதாகக்கூடச் சொன்னார். "அவனுக்கு என்ன தெரியும், பாவம்" என்றார்.

பிறகு என் கையைத் தடவியபடி, "நீ ஊர்ல இல்லாமப் போனியே மக்கா. நீ இங்க இருந்திருந்தா, உனக்க கண்ணுல பட்டிருந்தா, அவளப் போக விட்டிருப்பியா?" என்று கேட்டார்.

மாட்டேன் மாமா என்று சொன்னேன், ஐயா. அவர் நம்பித் தலையாட்டினார்.