காதும் வாலும்

மழைக்காலத்தில் தொங்குகாது நாய்களுக்குக் காதுக்குள் சீழ் பிடிக்கும். கண்டியில் நாய் வளர்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இன்ஸ்பெக்டர். நீங்கள் நாயைப் பற்றித்தான் முதலில் கேட்டீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் புரூனோ டொபர்மன் சாதி. படங்களில் பார்த்திருப்பீர்கள், கூரான காது, கட்டை வால். அவை பிறவியில் வருவதில்லை, குட்டியிலேயே வெட்டிவிடுவார்கள். புரூனோவுக்கு யாரும் வெட்டவில்லை. என் மனைவி தினுஷா, தெல்தெனியவில் இருக்கும் தன் தம்பி வீட்டிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

நாய் நன்றாக வளர்ந்த பிறகு மடவளையில் மிருக வைத்தியர் ரஸீனிடம் காதையும் வாலையும் வெட்டக் கொண்டுபோனேன். நல்ல மனிதர். காதைப் புரட்டிப் பார்த்தார்.

"காது சுத்தமா ஈக்கிதே சேர். எதுக்கு வெட்டணும்?"

"காவலுக்கு ஒரு மிடுக்கு வேண்டாமா?" என்றேன்.

"நான் செய்ய மாட்டேன். காதும் வாலும்தான் அதுட பாஷை. வெட்டினா ஊமையாப் போயிரும்."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அது ஊமையாக வேண்டும் என்பதுதான் எனக்கு வேண்டியதும்.

இது விளங்க வேண்டுமானால் அதற்கு முன் நத்தார்ப் பண்டிகையன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். தினுஷாவின் தம்பி திலீபன் கேக்கோடு வந்திருந்தான். நாய் அவன் காலடியில் வாலை ஆட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. நான் கோயிலில் இருந்து வந்து கேட்டைத் திறந்தேன். அவ்வளவுதான். காது இரண்டும் தலையோடு ஒட்டிக்கொண்டன. வால் வயிற்றுக்கடியில் போனது. எழுந்து தினுஷா உட்கார்ந்திருந்த கதிரைக்கும் எனக்கும் நடுவே போய் நின்று நடுங்கியது.

"அத்தான், நாய்க்கு அடிப்பீங்களா?"

"இல்லையே."

அது உண்மை. அந்த நாயின் மேல் அதுவரை என் கை பட்டதே இல்லை. அது பார்த்துப் பழகியிருந்தது. திலீபன் அதன் பிறகு நாயைப் பார்க்கவில்லை, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லடா. கேக்கைச் சாப்பிடு."

தினுஷா எதையும் வெளியே சொல்கிறவள் இல்லை. கை முறிந்தபோதுகூடக் குளியலறையில் வழுக்கிவிட்டது என்று அவளேதான் டொக்டரிடம் சொன்னாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மஹய்யாவயில் எங்கள் ஒழுங்கை வீடுகளில் எனக்கு, றெஜினோல்ட் மாஸ்டருக்கு, ஒரு மரியாதை இருக்கிறது. வீட்டில் நடப்பது வீட்டோடு இருக்க வேண்டும். அது அவளுக்கு விளங்கியிருந்தது. நாய்க்கு விளங்கவில்லை.

ஆகவே நானே செய்தேன். ஒரு விடுமுறை நாள் பகலில், தினுஷா குடிக்கும் தூக்க மாத்திரையை இறைச்சிக்குள் வைத்துக் கொடுத்தேன். வதைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டினாற்போல் இருப்பதால் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். தலையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"வேணாங்க. வாயில்லா சீவன்," என்றாள் தினுஷா. பிறகு பிடித்தாள்.

இரண்டாவது காதை வெட்டும்போது அது விழித்துக்கொண்டது. அவளைக் கடிக்கவில்லை. கையைத்தான் நக்கியது. வாலுக்குக் கத்தரிக்கோல் போதவில்லை, கத்தி எடுக்க வேண்டி வந்தது. அவள் அழவில்லை. அழுதால் எனக்குப் பிடிக்காது.

உயிர்த்த ஞாயிறன்று திலீபன் மறுபடி வந்தான். புண் எல்லாம் ஆறியிருந்தது. நான் கேட்டைத் திறந்தபோது நாய் கல் மாதிரி நின்றது. தினுஷா நீளக்கைச் சட்டை போட்டுத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் நாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நத்தாருக்கு வந்தப்ப நான் என்னமோ தப்பா நெனச்சிட்டேன் அத்தான். மனசுல வச்சிக்காதீங்க."

அதற்குப் பிறகுதான் ஒரு சங்கடம் வந்தது. நான் வீட்டுக்குள் வந்தால் நாய் சும்மா நின்றது. தினுஷாவும் சும்மா நின்றாள். முன்பெல்லாம் கையை ஓங்கினால் முகத்தை மறைப்பாள். இப்போது அதுவும் இல்லை. கூட இருப்பவர்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் ஒரு மனிதன் எப்படி வீட்டில் இருப்பது?

நேற்றுக் காலை அதைத்தான் கேட்டேன்.

"என்ன நெனைக்கிற? சொல்லு."

"ஒண்ணும் நெனைக்கலங்க."

திரும்பவும் கேட்டேன். தோளைப் பிடித்துக் கேட்டேன். பிறகு கழுத்தைப் பிடித்துக் கேட்டேன். ஒரு பதிலுக்காகத்தான் பிடித்தேன். கையை எடுத்தபோது பதில் சொல்ல அவள் இல்லை. நாய் குரைத்ததா என்று கேட்டீர்கள். இல்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கொடுமைப்படுத்தினேன் என்று மட்டும் எழுத வேண்டாம். சந்தேகம் இருந்தால் திலீபனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவன் அக்காவை நான் எப்படி வைத்திருந்தேன் என்று அவனே வந்து கண்ணால் பார்த்துவிட்டுப் போனான்.