நீல நூல் போடாத சட்டை

சாயங்காலம் ஆறே முக்கால். ஊருக்கு வெளியே, பழைய விமானத் தளத்துக்குப் போகிற ரோடு... ரோடு என்று பேர்தான், பாதிக்கு மேல் புல். இரண்டு பக்கமும் துருப்பிடித்த முள்கம்பி. கம்பம் உண்டு, விளக்கு கிடையாது. எதிரே ஒரு சைக்கிள்கூட வரவில்லை. அந்த ரோட்டில் ஒரு வேன் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே இரண்டு பேர்.

இருங்கள். முதலில் எல்லோரும் போனை அணைத்துவிட்டுக் கிட்டே வாருங்கள். இந்த மழையில் எவனும் கம்பத்தில் ஏற மாட்டான், கரண்ட் இனி காலையில்தான். யாருடைய காலோ என் மேல் படுகிறது, எடுங்கள். இன்னொன்று, நடுவில் கேள்வி கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். "அப்புறம் என்னாச்சு" என்று எவன் கேட்கிறானோ, அவனைத் தனியாக அனுப்பிக் கொல்லைக் கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்வேன்.

எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் என் சகலையை நம்புகிறேன். அவனுக்குக் கற்பனை என்பது மருந்துக்கும் கிடையாது. ஆபீசில் லீவு கேட்க ஒரு பொய் சொல்லத் தெரியாமல், "சும்மா இருக்கணும் போல இருக்கு சார்" என்று மேலதிகாரியிடமே சொன்ன பிரகஸ்பதி. அவன் சொன்னது இது. நடந்தது அவனுடைய கூடப் பிறந்த அண்ணன் வீட்டில்.

அந்த அண்ணனை எல்லோரும் பட்டாளம் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டாளத்தில் ஒரு நாள்கூட இருந்தவரில்லை. ஆள் எடுக்கிற இடத்துக்குப் போனபோது தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலோ என்னவோ, பழைய யுத்தத்தில் பாராசூட் கட்டிக்கொண்டு குதித்தவர்களின் உடுப்பை அச்சு அசலாக மறுபடி செய்வதையே தொழிலாக்கிக்கொண்டார். சட்டை, தோள் வார், முதுகுப் பை, ஹெல்மெட்டின் தாடைப் பட்டை வரைக்கும். அருங்காட்சியகங்கள் வாங்கின. அசல் துணி கண்ணாடிக்குள் வைத்தாலும் நாளடைவில் உதிர்ந்துவிடும், அதற்குப் பதில் இவர் செய்தது நிற்கும். இப்படி யாராவது செய்யாவிட்டால் அந்தப் பையன்கள் என்ன போட்டுக்கொண்டு குதித்தார்கள் என்றே நாளைக்கு ஒருத்தருக்கும் தெரியாது என்பார். அதில் அவர் பேசியது நியாயம்தான்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஷூ தைக்கிற கனத்த மெஷின், மெழுகு பூசிய நூல் கண்டுகள், சாயம் காய்ச்ச ஓர் அடுப்பு. வேலை பார்த்தது மூன்றே பேர். பட்டாளம், அவர் மனைவி, மனைவியின் தம்பி. மனைவியை என் சகலை அண்ணி என்பான், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். தம்பி கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் போய்விட்டாள். அண்ணிதான் இடுப்பில் சுமந்து வளர்த்தார். கல்யாணமாகி வந்தபோதும் அவனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தார். அவர் உயிர் அவனிடம்தான் இருந்தது, அதை மறைக்கவும் மாட்டார். தம்பி நல்ல உயரம், ஒல்லி, அந்தக் காலத்துச் சிப்பாய் அளவு. அதனால் தைத்ததைப் போட்டுப் பார்க்க வேறு பொம்மை வாங்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம். எதைச் செய்தாலும் உள்பக்கம், கழுத்துப் பட்டைக்கு அடியில், நீல நூலில் ஒரு தையல் ஓட்டுவார்கள். நகல் என்பதற்கு அடையாளம். நாளைக்கு எவனாவது அசல் என்று சொல்லி ஊரை ஏமாற்றக் கூடாது பாருங்கள். அசல் சட்டையில் இருக்கும் சிப்பாயின் எண்ணையும் அப்படியே போட மாட்டார்கள், ஓர் இலக்கத்தை மாற்றிவிடுவார்கள். நீல நூல் போடுவது அண்ணியின் வேலை. அது போட்ட பிறகுதான் எந்தச் சட்டையும் தம்பியின் உடம்பில் ஏறும்.

ஒரு நாள் ஓர் அருங்காட்சியகத்திலிருந்து மரப்பெட்டி வந்தது. மூடியைத் திறந்ததும் வாடை... ஈரக் கான்வாஸ், மண்ணெண்ணெய், அதற்கு அடியில் என்னமோ புளித்த மாதிரி. உள்ளே ஒரு சட்டை, ஒரு தோள் வார். காட்டில் ஓர் உயரமான மரத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்ததாம். யுத்தம் முடிந்து எத்தனையோ வருஷம் கழித்து மரம் வெட்டப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். சட்டைப் பொத்தான் போட்டது போட்டபடி. வாரின் கொக்கி பூட்டினது பூட்டினபடி... உள்ளே ஆள் இல்லை. கீழே தோண்டிப் பார்த்தார்கள். ஒரு பல்கூடக் கிடைக்கவில்லை.

அதைப் பார்த்து அப்படியே ஒன்று செய்து தர வேண்டும். பட்டாளத்துக்குச் சாப்பாடு தூக்கம் எல்லாம் மறந்துபோயிற்று. துணி சரியாக வந்தது, சாயம் சரியாக வந்தது, வார் நெசவு சரியாக வந்தது. ஓர் இடம் மட்டும் தண்ணி காட்டியது. சட்டைக்குள், நெஞ்சுப் பக்கம், அந்தச் சிப்பாய் தானே ஒரு சின்னப் பை வைத்துத் தைத்திருந்தான். தையல் தெரியாத கை. கோணலும் மாணலும், நடுவில் ஊசி விரலில் ஏறி ஒரு துளி ரத்தக் கறை. பட்டாளத்தின் கை பழகின கை, கோணலாகப் போக மாட்டேன் என்றது. கடைசியில் இடது கையால் தைத்துப் பார்த்தார். பிரித்தார், தைத்தார், பிரித்தார். விடிகிற நேரத்துக்கு வந்துவிட்டது. அதே கோணல். முடிச்சுப் போடும்போது ஊசி சுருக்கென்று விரலில் ஏறியது... ரத்தம் பட்ட இடமும் அதே இடம்.

இதற்குப் பயப்பட வேண்டும். அவர் பூரித்துப் போனார். அசலையும் நகலையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, "எது எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று அருங்காட்சியக அதிகாரியைத் திணற அடிக்க ஆசை. நீல நூல் இருந்தால் குட்டு உடைந்துவிடுமே. அதனால் போடவில்லை. சிப்பாயின் எண்ணையும் மாற்றாமல் உள்ளது உள்ளபடி அச்சுக் குத்திவிட்டார்.

பழைய விமானத் தளத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்து அனுப்பும்படி அருங்காட்சியகத்தில் கேட்டிருந்தார்கள். கிளம்புகிற நேரத்தில் அண்ணி கழுத்துப் பட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டார்.

"நீல நூல் போடலையா?"

"காட்டிட்டு வந்து போட்டுக்கலாம்."

"அப்போ தம்பிக்கு மாட்டாதீங்க. எனக்கு என்னமோ சரியாப் படல."

"சட்டை தானே. அவனைக் கடிச்சா தின்னுடப் போகுது?"

தம்பி சிரித்தான். "விடுக்கா. ரெண்டு போட்டோ, ஓடி வந்துடுவோம்."

சரி. இப்போது ஆறே முக்கால். வேன் போய் நின்றது. விமானம் இறங்கி எத்தனையோ காலமான ஓடுபாதை. சிமெண்ட் வெடிப்பில் எல்லாம் புல். காற்று துளிக்கூட இல்லை... பூச்சிச் சத்தம்கூட இல்லை. தம்பி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நடுவில் போய் நின்றான். தோளிலிருந்து பாராசூட்டுக்குப் போகிற தூக்கு வார்கள் இரண்டும் முதுகுப் பக்கம் சும்மா தொங்கின. பட்டாளம் கேமராவில் கண்ணை வைத்தார்.

கிர்ர்...

வார் பாரம் தாங்கும்போது வருகிற சத்தம். அவருக்குத் தெரியாத சத்தமா அது. ஆனால் பாரம் ஏது... தம்பி தரையில்தானே நிற்கிறான். கண்ணை எடுத்துப் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த தூக்கு வார்கள் மேலே பார்த்து நின்றன. விறைப்பாக. அவற்றுக்கு மேல் ஒன்றும் இல்லை, வானம்தான்.

"மாமா..." தம்பியின் குரல் உள்ளே போயிருந்தது. "யாரோ மேலேர்ந்து இழுக்கிறாங்க மாமா."

குதிகால் எழும்பியது. பூட்ஸ் நுனி மட்டும் சிமெண்டில்... சரக்... சரக்... பட்டாளம் கேமராவைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டார். நெஞ்சில் இருக்கும் கொக்கியைத் திருப்பி ஒரு குத்து விட்டால் வார் எல்லாம் கழன்று விழ வேண்டும். காலையில்தான் எண்ணெய் போட்டது. குத்தினார்... குத்தினார்... கை தோல் உரிந்தது, கொக்கி அசையவில்லை. பெட்டிக்குள் அடித்த வாடை குப்பென்று வந்தது. தலைக்கு மேல் வெறும் ஆகாயத்தில் பட்டுத் துணி படபடக்கிற சத்தம்.

வார் அறுக்கிற கத்தி எப்போதும் அவர் பையில் இருக்கும். எடுத்து அறுத்தார். லேசில் அறுபடுகிற வார் இல்லை, அவரே பார்த்துப் பார்த்து நெய்ய வைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அறுத்தார். ஒரு கட்டத்தில் அவர் காலும் தரையில் இல்லை என்று தெரிந்ததாம்... அப்புறம் பொத்தென்று இரண்டு பேரும் விழுந்தார்கள்.

சத்தம் நின்றுபோனது. தம்பி மல்லாந்து கிடந்தான். உடம்பெல்லாம் தெப்பமாக நனைந்திருந்தது. முடியில் பச்சை இலைகள் ஒட்டியிருந்தன... சுற்றுவட்டாரத்தில் மரமே கிடையாது.

"மாப்ள... டேய் மாப்ள..."

கண்ணைத் திறந்தான். அவரைப் பார்க்கவில்லை. தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான்... ரொம்ப நேரம் தடவினான். அப்புறம் சிரித்தான்.

ஏய், நீ ஏன் இப்போது பக்கத்தில் ஒட்டுகிறாய். தள்ளி உட்கார், எனக்கு வேர்க்கிறது.

வீட்டில் அண்ணி வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். தம்பி படியேறி வந்தான். அவன் முகத்தைப் பார்த்தார். ஓரமாக ஒதுங்கி வழி விட்டார். "உள்ள வாங்க" என்றார்.

புருஷனைச் சொன்னார் என்றுதான் பட்டாளம் நினைத்தார். மறுநாள் தட்டைப் போட்டுவிட்டுத் தம்பியிடம், "சாப்பிடுங்க" என்றார். "தண்ணி வேணுங்களா?" என்றார். வாயைத் திறந்தால் டேய் போட்டுக் கூப்பிட்ட அக்கா. பட்டாளம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார், "என்ன இது, அவனைப் போய் வாங்க போங்கங்கறே?"

"தெரியலைங்க. 'டா' போட்டுக் கூப்பிட வாய் வர மாட்டேங்குது."

குறை என்று எதையும் சொல்ல முடியாது. முழங்காலில் சின்ன வயசுத் தழும்பு இருந்தது. குரல் அதே குரல். எந்தச் சாமான் எந்த அலமாரியில் என்று தெரிந்திருந்தது. அச்சு அசல். அந்த வார்த்தையைக் கேட்டாலே பட்டாளம் எழுந்து போக ஆரம்பித்தார். செய்த சட்டையை எரித்தார். அசலைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று பெட்டியைத் திறந்தார். சட்டை இருந்தது, வார் இருந்தது. வேலை முடிந்ததும் அவர் மறுபடி போட்டு வைத்த பொத்தான்கள் எல்லாம் கழற்றிவிடப்பட்டிருந்தன... யாரோ நிதானமாக, ஒவ்வொன்றாகக் கழற்றின மாதிரி.

இதெல்லாம் அவர் அப்போது யாரிடமும் சொல்லவில்லை, தம்பியான என் சகலையிடம் சொன்னதே பிற்பாடுதான். ஒரு நாள் சகலை ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போனவன் அன்று ராத்திரி அங்கே தங்கியிருக்கிறான். நடுராத்திரியில் விழிப்பு வந்தது. கொட்டகையில் மெஷின் ஓடுகிற சத்தம், தட தட தட... அவசர ஆர்டர் போலிருக்கிறது என்று நினைத்தான். சொன்னேனே, அவன் மூளை அவ்வளவுதான். தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்து போனான். வழியில் தம்பியின் அறை, கதவு திறந்திருந்தது. தம்பி கட்டிலில் நேராகப் படுத்திருந்தான். கண் இரண்டும் திறந்திருந்தன. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாடிக் கதவும் திறந்திருக்கவே, சாத்தலாம் என்று சகலை ஏறிப் போனான். மொட்டை மாடியில் அண்ணி நின்றார். கும்மிருட்டு. அண்ணாந்து பார்த்தபடி, பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடுகிற மாதிரி மெதுவாகக் கூப்பிட்டார்.

"டேய் குட்டி... இருக்கியாடா?"

மேலேயிருந்து, எங்கேயோ உயரத்திலிருந்து, மெலிசாக ஒரு குரல் வந்தது.

"இருக்கேன்க்கா."

தம்பியின் குரல். அந்தத் தம்பியைத்தான் சகலை ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கீழே கட்டிலில் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"கால் மரத்துப்போச்சுக்கா. இறக்கி விடுக்கா."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சத்தம் வராமல் அழுது பழகியிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அண்ணாந்தார்.

"கொஞ்சம் பொறுத்துக்கோடா கண்ணு. கீழ மெஷின் சத்தம் கேக்குதில்ல? மாமா உனக்குத்தான் பாராசூட் குடை தச்சுக்கிட்டிருக்காரு. முடியப் போகுது."

மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, தட தட தட...

"ஒண்ணு பத்தாதுக்கா... இங்க நாங்க நிறையப் பேர் இருக்கோம்."